தாகத்துக்குச் சாதி உண்டோ?

தாகம் எழுந்தது, பானையிலே நீர் இருந்தது, சிறுவன் பருகினான். இது குற்றமா? ஆம் என்றது சேரன்மாதேவி குருகுலம்! காங்கிரஸ் நன்கொடையும் பெற்ற அவ்விடத்திலே, பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, தனிப் பானை. அடிபட்ட சிறுவன், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் மகன், அழுது அடங்கிவிடவில்லை, தந்தையிடம் சொன்னான். அந்தச் சொல்லும் 1925-இல் தமிழகத்தை உலுக்கிய கிளர்ச்சிக்கு வித்தாயிற்று.

1960-இல், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே, வசைமாரிக்கிடையே காவலர் சூழப் பள்ளி புகுந்தாள் ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமி ரூபி பிரிட்ஜஸ்.

குழந்தையின் வீரத்தைப் போற்றுகிறோம். ஆயினும் தோழர்களே, தண்ணீர் பருகவும் எழுத்தறியவும் பிஞ்சுகளிடம் வீரம் கேட்கும் சமுதாயம் எத்தகையது? வீரம் பெரியோர் கடன். சேரன்மாதேவியாயினும் கீழ்பென்னாத்தூராயினும், பிள்ளை வந்து முறையிடும்போது, 'பொறுத்துக்கொள்' என்று கூறாது, அதன் பக்கம் நிற்போமாக!