மைலேஜ் எண்ணும் வாய்மையும்

கார் விளம்பரத்தில் ‘லிட்டருக்கு 20 கிலோமீட்டர்’ என்று அச்சாகும் எண் பெரும்பாலும் கற்பனை அல்ல. ஒரு சோதனையில் முறைப்படி அளந்து பெற்றது. ஆனால் அதே கார் சாலைக்கு வந்ததும் அந்த எண்ணை எட்டுவது அரிது. சொன்னவர் பொய் சொல்லவில்லை. நம்பி வாங்கியவருக்கோ சொன்னது கிடைக்கவில்லை. சொல்லளவில் சரியான ஒரு கூற்று, கேட்பவர் மனத்தில் தவறான நம்பிக்கையை உண்டாக்கினால் அது வாய்மையில் சேருமா என்பது அறவியலின் பழைய கேள்வி. உலகில் ஆண்டுதோறும் விற்கும் கோடிக்கணக்கான கார்களோடு அந்தக் கேள்வியும் சேர்ந்தே விலைபோகிறது.

எண் பிறக்கும் இடம்

இந்தியாவில் மைலேஜ் எண்ணுக்குச் சான்று தரும் அமைப்புகளில் பெயர்பெற்றது புணேயில் உள்ள இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம் (ஏஆர்ஏஐ). அங்கே இந்தச் சோதனைக்காகக் கார் சாலையில் இறங்குவதில்லை. டைனமோமீட்டரின் உருளைகள் மீது சக்கரங்கள் சுழல, நின்ற இடத்திலேயே ஓடுகிறது. சாலையில் காற்றும் டயர் உராய்வும் தரும் தடைக்கு ஈடான சுமையை உருளைகள் தருகின்றன. எந்த நொடியில் என்ன வேகம் என்பது முன்பே வகுத்த அட்டவணைப்படி நடக்கும். மாற்றியமைக்கப்பட்ட இந்திய ஓட்டச் சுழற்சி எனப்படும் இந்த அட்டவணை 1,180 நொடி நீளமுடையது. நகர ஓட்டத்துக்கான 195 நொடிப் பகுதி நான்கு முறை வரும். அதன்பின் 400 நொடிக்கு நகருக்கு வெளியே ஓடுவதுபோன்ற பகுதி. உச்ச வேகம் மணிக்கு 90 கி.மீ. ஏசி அணைந்திருக்கும். புகைக்குழாய் வழியே வரும் வாயுக்களைச் சேகரித்து, அவற்றிலுள்ள கார்பனைக் கொண்டு எரிந்த எரிபொருளின் அளவைக் கணக்கிடுவார்கள்.

இந்த அட்டவணைக்கு மூலம் ஐரோப்பாவின் பழைய ஓட்டச் சுழற்சி. அதன் நகரப் பகுதி 1970இலும், நெடுஞ்சாலைப் பகுதி 1990இலும் உருவானவை. நின்ற நிலையிலிருந்து 50 கி.மீ. வேகத்தை எட்ட அது 26 நொடி தருகிறது. எந்த நகரச் சாலையிலும் பின்னால் வரும் வண்டிகள் அவ்வளவு பொறுமை காட்டுவதில்லை.

சாலையில் நிலைமை வேறு. சிக்னலில் இன்ஜின் ஓட நிற்கும் கார் எரிபொருளைச் செலவழித்தும் ஓரடிகூட நகர்வதில்லை. ஏசி கம்ப்ரெசர் இன்ஜினின் ஆற்றலில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், 90 கி.மீ. வேகம் 120 ஆகும்போது தடை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. குளிர்ந்த இன்ஜினோடு தொடங்கி இரண்டு கிலோமீட்டரில் முடியும் பயணம், ஐந்து பேரும் சுமையும், காற்று குறைந்த டயர் எல்லாமே மைலேஜைக் குறைக்கும். எரிபொருளும் மாறுகிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. எனவே எத்தனால் கலப்பு கூடக்கூட லிட்டருக்குக் கிடைக்கும் தூரம் குறையும்.

இடைவெளி வளர்ந்த கதை

இவையெல்லாம் ஓட்டுபவரையும் ஊரையும் பொறுத்தவை என்றால், எண்ணுக்கும் சாலைக்குமான இடைவெளி காலப்போக்கில் பெரிதாக மாறாமல் இருந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் அப்படி நடக்கவில்லை. தூய்மையான போக்குவரத்துக்கான பன்னாட்டு மன்றம், ஓட்டுநர்கள் பதிவுசெய்த எரிபொருள் கணக்குகளைத் திரட்டி ஒப்பிட்டுவந்தது. 2001இல் சாலைச் செலவு சோதனை எண்ணைவிடச் சுமார் 9 சதவீதம் அதிகமாக இருந்தது. 2015 வாக்கில் அது 40 சதவீதத்தைத் தாண்டியது. சோதனை அட்டவணை அப்படியே இருந்தது. ஓட்டுநர்களின் பழக்கமும் பதினான்கு ஆண்டுகளில் அந்த அளவுக்குத் தலைகீழாகிவிடவில்லை. சோதனைக்குப் பொருந்தும்படி கார்கள் வடிவமைக்கப்பட்டதும், விதிகள் விட்டுவைத்த சலுகைகள் முழுமையாகப் பயன்படுத்தப்பட்டதும் இடைவெளியின் பெரும்பகுதிக்குக் காரணம். அளந்து கிடைத்த கார்பன் டைஆக்சைடு அளவைவிட 4 சதவீதம்வரை குறைத்து அறிவிக்கவும் அந்த விதிகள் இடம் தந்தன.

2017 செப்டம்பரில் ஐரோப்பா புதிய சோதனைக்கு மாறத் தொடங்கியது. அதன் நீளம் 1,800 நொடி; தூரம் 23 கி.மீ.க்குச் சற்று அதிகம். உச்ச வேகம் 131 கி.மீ. இடைவெளி சுருங்கியது, மறையவில்லை. 2021இல் பதிவான கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்த எரிபொருள் கண்காணிப்புக் கருவிகளின் தரவை ஐரோப்பிய ஆணையம் 2024இல் வெளியிட்டது. பெட்ரோல் கார்கள் சோதனை எண்ணைவிட 23.7 சதவீதமும், டீசல் கார்கள் 18.1 சதவீதமும் அதிக எரிபொருள் செலவழித்திருந்தன. மின்னேற்றிக்கொள்ளும் ஹைபிரிட் கார்களின் உண்மைச் செலவு அறிவித்ததைப் போலச் சராசரியாக மூன்றரை மடங்கு. அவற்றின் எண், உரிமையாளர் அடிக்கடி மின்னேற்றி ஓட்டுவார் என்ற அனுமானத்தின்மேல் நின்றது.

எதைப் பற்றிய உண்மை?

மைலேஜ் என்பது காரின் எடை, நீளம் போல அதற்குள்ளேயே இருக்கும் பண்பா? டொயோட்டா பிரியஸ் இதற்கு விடை தருகிறது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008ஆம் ஆண்டு மாடல்கள் முதல் தன் கணக்கீட்டை மாற்றியது. வேகமான ஓட்டம், ஏசி இயங்கும் ஓட்டம், கடுங்குளிரில் ஓட்டம் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டது. அதற்குமுன் பிரியஸின் நகர மைலேஜ் கேலனுக்கு 60 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 25.5 கி.மீ.; புதிய கணக்கில் 48 மைல், சுமார் 20.4 கி.மீ. காரில் ஒரு திருகாணிகூட மாறவில்லை. மைலேஜ் என்பது காருக்கும் சாலைக்கும் ஓட்டுபவருக்கும் காலநிலைக்கும் இடையிலான உறவு. அந்த உறவில் காரைத் தவிர மற்ற முனைகளையெல்லாம் நிலைநிறுத்தி அளந்ததே அச்சாகும் எண்.

சமண மெய்யியல் இத்தகைய உண்மைகளை ஆழமாக ஆராய்ந்தது. ஒரு பொருளை ஒரு கோணத்திலிருந்து மட்டும் அறிவதை அது ‘நயம்’ என்கிறது. அந்த அறிவு குறைவுபட்டதே தவிரப் பொய்யன்று. ஆனால் ஒரு கோணத்தில் கண்டதையே முழு உண்மை என்று நிறுத்தி, பிற கோணங்களை மறுத்தால் அது ‘துர்நயம்’ ஆகிறது. அதனால்தான் ஒவ்வொரு கூற்றோடும் ‘ஒரு வகையில்’ என்ற வரையறையைச் சேர்க்கச் சொல்கிறது சியாத்வாதம். இந்த அளவுகோலில் வைத்தால், ஆய்வகத்தில் பிறந்த மைலேஜ் எண் ஒரு நயம். ஏசி அணைந்த, 90 கி.மீ.யைத் தாண்டாத ஓட்டத்தில் கிடைத்தது என்ற வரையறையோடு அது சொல்லப்பட்டால் குறையில்லை. பெரிய எழுத்தில் எண்ணும், கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் நிபந்தனையும் அச்சாகும்போது அது துர்நயமாகிறது.

சொல்லாத பாதி

குறைவான உண்மையைச் சொல்பவரின் பொறுப்பு என்ன என்பதற்கு மகாபாரதத்தின் துரோண பருவம் கடுமையான விடை தருகிறது. அசுவத்தாமன் என்ற யானையைப் பீமன் கொன்றபின், அதே பெயருடைய தன் மகன் இறந்தானா என்று துரோணர் தருமரிடம் கேட்கிறார். அசுவத்தாமன் இறந்தான் என்பதை உரக்கவும், யானை என்பதைக் கேட்காதபடியும் தருமர் சொல்கிறார். சொற்களைப் பிரித்துப் பார்த்தால் பொய் இல்லை. ஆயினும் அதுவரை தரையிலிருந்து நான்கு விரற்கடை உயர்ந்தே ஓடிய அவர் தேர் அன்று மண்ணைத் தொட்டது. பின்னர் அவர் நரகத்தைக் காண நேர்ந்ததற்கும் இதுவே காரணமாகச் சொல்லப்படுகிறது. தவறு எந்தச் சொல்லிலும் இல்லை. கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்று தெரிந்தே ஒன்றை உரக்கவும் மற்றொன்றை மெல்லவும் சொன்னதில் இருக்கிறது.

இசுலாமிய மரபில் இதே அறம் சந்தையில் வைத்தே சொல்லப்படுகிறது. நபிகள் நாயகம் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது உள்ளே ஈரம் இருந்தது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபி கேட்டதாகவும், ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராக ஏற்க மறுத்ததாகவும் ஹதீஸ் கூறுகிறது. மேலே இருந்த தானியம் உலர்ந்தது என்பது உண்மைதான். குவியல் முழுதும் அப்படித்தான் என்ற எண்ணத்தை அது உண்டாக்கியதே குற்றம்.

கி.மு. 44இல் ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிய கடமைகள் பற்றிய நூல் எதிர்த்தரப்புக்கும் இடம் தருகிறது. பஞ்சத்தில் வாடும் ரோட்ஸ் தீவுக்கு அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வணிகர் தானியம் கொண்டுவருகிறார். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவருக்குத் தெரியும். அதைச் சொல்லிவிட்டு விற்க வேண்டுமா? பொருளின் குறையைச் சட்டம் கேட்கும் அளவுக்குச் சொன்னால் போதும், தெரிந்த எல்லாவற்றையும் சொல்லத் தேவையில்லை என்பது மெய்யியலாளர் பாபிலோனிய தியோஜெனிஸின் வாதம். வாங்குபவருக்குத் தெரியாத எதுவும் விற்பவருக்கு மட்டும் தெரிந்திருக்கக் கூடாது என்பது அவர் மாணவர் அந்திபாதரின் வாதம். சிசரோ அந்திபாதரின் பக்கம் நிற்கிறார். பேசாமல் இருப்பது மட்டுமே மறைப்பதாகாது. பிறர் அறிந்தால் அவர்களுக்கு நன்மையான ஒன்றை, தன் ஆதாயத்துக்காக அறியவிடாமல் வைப்பதே மறைப்பு என்று அவர் வரையறுக்கிறார்.

யாரும் ஏமாறவில்லை என்ற வாதம்

விளம்பர எண்ணில் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே ஏமாற்று இல்லை என்று வாதிடுவோர் உண்டு. இதற்குத் தத்துவ ஆதரவும் இருக்கிறது. பொய்யை எந்நிலையிலும் ஏற்காத காண்ட், கடித முடிவில் ‘தங்கள் பணிவான ஊழியன்’ என்று எழுதுவதைப் பற்றி 1797இல் கேள்வி எழுப்பி, அதனால் யாரும் ஏமாறுவதில்லை என்று குறிப்பிட்டார்.

மைலேஜ் எண்ணுக்கு இந்த விலக்கு பொருந்தாது. எவ்வளவு கழிப்பது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டீசலுக்கு 18 சதவீதம், பெட்ரோலுக்கு 24, சிலவகை ஹைபிரிட்டுக்கு மூன்றரை மடங்கு என்றால், பொதுவாக ஒரு கழிவு போட்டு உண்மையை அடைய வழியில்லை. முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பத்துக்கு அந்த வழக்கமே தெரியாது. லிட்டருக்கு 20 கி.மீ. என்று நம்பியவருக்கு 15 மட்டும் கிடைத்து, ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டினால், 600 லிட்டருக்குப் பதில் 800 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று கொண்டாலும் ஆண்டுக்கு 20,000 ரூபாய் கூடுதல் செலவு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கார்பன் டைஆக்சைடு வெளியேறுவதால், எண்ணில் வராத 460 கிலோ காற்றில் கலக்கும். திருக்குறளின் வாய்மை அதிகாரம், பிறருக்குத் தீங்கு விளையாமையை வாய்மையின் இலக்கணமாக வைக்கிறது. அந்த இலக்கணம் இங்கே நிறைவேறவில்லை.

ஒப்பிடுவதற்காகத்தான் இந்த எண் என்ற வாதத்துக்கு வலு அதிகம். எல்லாக் கார்களையும் ஒரே நிலையில் சோதித்தால்தான் எது சிக்கனம் என்று அறிய முடியும். ஓட்டுபவருக்கு ஓட்டுபவர் மாறும் சாலை அளவு அதற்கு உதவாது. இது முழுக்கச் சரி. ஆனால் ஒப்பீட்டுக்காகப் பிறந்த எண்ணை விளம்பரம் ஒப்பீடாக முன்வைப்பதில்லை. ‘இவ்வளவு தரும்’ என்ற வாக்காக முன்வைக்கிறது. அளவு வாக்காக மாறும் இடத்தில்தான் பொறுப்பும் தொடங்குகிறது.

குற்றத்தின் படிகள்

எல்லா இடைவெளியும் ஒரே தரத்துக் குற்றம் அல்ல. சாலை வேறு, சோதனை வேறு என்பதால் மட்டும் எழும் வேறுபாடு யாருடைய தவறும் அல்ல. சோதனையின் ஓட்டைகளுக்கேற்பக் காரை வடிவமைப்பது சட்டத்துக்கு உட்பட்டது. ஆனால் சட்டத்தின் நோக்கத்தைத் தோற்கடிப்பது. அளவையே திரிப்பது வெளிப்படையான பொய். 2016 ஏப்ரலில் மிட்சுபிஷி நிறுவனம் 6,25,000 சிறுகார்களின் எரிபொருள் சோதனைத் தரவைச் சாதகமாகத் திருத்தியதை ஒப்புக்கொண்டது. அவற்றில் பெரும்பாலானவை நிசான் பெயரில் விற்றவை; நிசானே தன் சோதனையில் வேறுபாட்டைக் கண்டு கேட்டபின்தான் உண்மை வெளிவந்தது.

தவறியபின் என்ன செய்வது என்பதும் அறத்தின் பகுதி. 2012இல் அமெரிக்காவில் ஹூண்டாய், கியா நிறுவனங்களின் சுமார் ஒன்பது லட்சம் கார்களின் மைலேஜ் கூடுதலாகக் குறிக்கப்பட்டது தெரியவந்தது. நடைமுறைப் பிழை என்று நிறுவனங்கள் விளக்கின. எண்கள் குறைக்கப்பட்டன. ஒவ்வோர் உரிமையாளரும் ஓட்டிய தூரத்தைக் கணக்கிட்டு, கூடுதல் எரிபொருள் செலவோடு 15 சதவீதம் சேர்த்து ஈடு தரப்பட்டது. 2014இல் 10 கோடி டாலர் அபராதத்துக்கும் அவை உடன்பட்டன.

அளவு அறிவிப்பவரின் கடமை இவற்றிலிருந்து தெளிவாகிறது. எண் எந்த நிலையில் கிடைத்ததோ, அந்த நிலையும் எண்ணின் ஒரு பகுதி. அதே எழுத்தளவில், அதே இடத்தில் அது சொல்லப்பட வேண்டும். நகரத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் தனித்தனி எண்ணும், ஏசி இயங்கும்போது கிடைக்கும் எண்ணும் தேவை. சோதனையை வகுக்கும் அரசு, சாலையில் திரளும் தரவோடு அதை இடையிடையே ஒப்பிட்டுத் திருத்த வேண்டும். வாங்குபவருக்கும் பங்கு உண்டு. டேங்கை நிரப்பி, ஓடிய தூரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பும்போது பிடித்த லிட்டரால் வகுத்து அறிந்ததைப் பிறருக்கும் சொல்வது எளிது. ஐரோப்பாவின் இடைவெளியை உலகறியச் செய்ததில் அப்படிப் பொறுமையாகக் கணக்கு வைத்த சாதாரண ஓட்டுநர்களின் பதிவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு.