காட்டுப் புறாவும் கல்விக் கடனும்

தலைவன் ஊரைவிட்டுப் பிரிவதற்கான காரணங்களைச் சொல்லும் தொல்காப்பியம், ஓதலையும் பொருளையும் தனித்தனியாக வைக்கிறது. படிக்கப் போகிறவன் ஒருவன், பொருள் தேடப் போகிறவன் இன்னொருவன். இன்று கோபன்ஹேகனுக்கு விமானம் ஏறும் தமிழ் மாணவர் இரண்டுக்கும் சேர்த்தே பிரிகிறார்.

ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் டென்மார்க் 2006 முதல் கல்விக் கட்டணம் வாங்குகிறது. அதே வகுப்பில் பக்கத்து நாற்காலியில் இருக்கும் டேனிஷ் மாணவருக்குக் கட்டணம் கிடையாது. மாதாமாதம் அரசு உதவித்தொகையும் உண்டு. வாடகை வீட்டுக்கு மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகவும், இன்னும் மூன்று மாத வாடகையை முன்கூட்டியும் கேட்கச் சட்டம் இடம் தருகிறது. வேலை செய்யலாம், ஆனால் மாதத்துக்கு 90 மணி நேரம்தான். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் மட்டும் முழுநேரம். காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 1 முதல் 3 குரோனர் வரை கிடைக்கும் என்பது வந்த சில நாளிலேயே மனப்பாடமாகிவிடும்.

நாளையைப் பற்றி இப்படிக் கவலைப்படுவது கடவுள் நம்பிக்கையில் குறையா?

இதே நகரத்தில் பிறந்த தத்துவவாதி சோரன் கீர்க்கெகார்ட் 1847-இல் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டார். விதைக்காமலும் சேர்க்காமலும் வாழும் பைபிளின் ஆகாயத்துப் பறவைகளை விளக்க அவர் ஒரு கதை சொல்கிறார். அன்றன்றைய இரையோடு நிம்மதியாக இருந்த காட்டுப் புறா, குடியானவரின் களஞ்சியத்தைப் பற்றி வளர்ப்புப் புறாக்கள் பெருமையடிப்பதைக் கேட்கிறது. கவலை பிடித்துக்கொள்கிறது. இரை குறையவில்லை, நிம்மதி போயிற்று. கடைசியில் வளர்ப்புப் புறாக்களின் கூண்டுக்குள் நுழைந்து, மாட்டிக்கொண்டு, உயிரை விடுகிறது.

சொன்னவரின் களஞ்சியம் நிறைந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1830-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர் இறையியல் தேர்வு எழுதியது 1840-இல். இடையில் ஏறிய கடன்களை அடைத்தவர் கம்பளி வியாபாரியான தந்தை. அவர் 1838-இல் இறந்தபோது மகனுக்கு வந்த சொத்து 30,000 ரிக்ஸ்டாலருக்கும் மேல்.

ஆனாலும் அவரை எளிதில் தள்ளிவிட முடியாது. உழைப்பது மனிதனின் பெருமை, பிழைப்பைப் பற்றிக் கவலைப்பட முடிவதே பறவைக்கு இல்லாத உயர்வு என்றும் அவர்தான் எழுதினார். கணக்குப் பார்ப்பதை அவர் குறை சொல்லவில்லை. நாளை முழுவதையும் தன் கைக்குள் பூட்டிவிடலாம் என்ற எண்ணத்தையே குறை சொன்னார்.

அந்தக் கதைக்குள் அடங்காத ஒன்று தமிழ் மாணவரிடம் இருக்கிறது. புறா தனக்காகக் கவலைப்பட்டது. மாணவரின் வங்கிக் கடனிலோ அப்பாவின் கையெழுத்தும், பெரும்பாலும் ஊரிலுள்ள வீட்டின் பத்திரமும் இருக்கின்றன. வாங்கியதும் கடன், ஆற்ற வேண்டியதும் கடன் என்று ஒரே சொல்லால் சொல்லும் மொழி தமிழ். இரவு ஷிப்ட் முடிந்து சைக்கிளில் திரும்பும்போது மாணவர் மனசுக்குள் போடும் கணக்கு பிறருக்குப் பட்ட கடமை. அதை நம்பிக்கையின்மை என்பது நியாயமில்லை.

கீர்க்கெகார்ட் 1855 நவம்பரில், 42 வயதில் இறந்தார். தந்தையின் பணம் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. கோபன்ஹேகனின் நோரப்ரோ பகுதியிலுள்ள அசிஸ்டன்ஸ் கல்லறைத் தோட்டத்தில், அந்தத் தந்தையைப் புதைத்த குடும்பக் கல்லறையிலேயே அவரையும் புதைத்தார்கள்.