கொடுக்கத் தெரிந்தவர்கள்

கிறிஸ்தவர்கள் ஏழைகளுக்கு என்ன செய்கிறார்கள் என்று யாராவது கேட்டால், திருநெல்வேலிச் சீமையில் பிறந்த எங்களுக்குப் பதில் நாக்கு நுனியில் இருக்கும். மிஷனெரி ரேனியஸ் ஐயர் காலத்துத் தர்ம சங்கம், துன்புறுத்தப்பட்டு ஊரைவிட்டு வந்த குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்தியது. 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியது. 1890இல் பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி வந்தது. 1900இல் வேலூரில் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு மருத்துவமனையை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே டோனாவூரில் எமி கார்மைக்கேல் குழந்தைகளுக்கு அடைக்கலம் கொடுக்கத் தொடங்கினார். மூச்சு விடாமல் இன்னும் பத்துப் பெயர் சொல்லுவோம்.

ஆனால் கேட்டவர் இன்றைக்கு என்ன என்றல்லவா கேட்டார்? நாம் நூறு வருஷத்துக்கு முந்திய கதையை எடுத்து நீட்டுகிறோம்.

இதே கேள்வி 1833இல் பாரிஸ் நகரத்தில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் முன்னால் வந்து நின்றது. உங்கள் திருச்சபை ஒரு காலத்தில் பெரிய காரியங்களைச் செய்தது, சரி, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒரு விவாதத்தில் அவரை மடக்கினார்கள். அவர் பட்டியல் வாசிக்கவில்லை. சில நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு ஏழைகளின் வீடுகளுக்கே போக ஆரம்பித்தார். அப்படிப் பிறந்ததுதான் இன்று நம் கத்தோலிக்கப் பங்குகளிலும் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபை. உதவியை வாங்கிக்கொள்ள ஏழை நம்மிடம் வரக்கூடாது, நாம்தான் அவர் வீட்டுக்குப் போகவேண்டும் என்பது அதன் அடிப்படை வழக்கம். நான் தென்னிந்தியத் திருச்சபையை (சி.எஸ்.ஐ.) சேர்ந்தவன். என்றாலும் இந்த ஒரு வழக்கத்தின் மேல் எனக்குப் பொறாமை உண்டு.

எங்கள் ஜனங்களைக் கஞ்சர்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து ஆலயத்துக்குக் கொண்டுவந்த அம்மாமார் வளர்த்த சபைகள் இவை. மிசோரம் சபைகளில் இதே கைப்பிடி அரிசி இன்றும் பெரிய வருமானமாக இருக்கிறது. ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரு வாழைத்தாரை ஏலத்தில் எடுத்தவரே திரும்பவும் ஆலயத்துக்கே கொடுத்துவிட, அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை இந்த மண்ணின் பணத்தை நம்பித்தான் தொடங்கினார்கள். பல வேளை சாப்பாட்டுக்கே திண்டாடிய வீடுகளும் அதற்குக் கொடுத்திருக்கின்றன.

ஆக, கொடுக்க நமக்குத் தெரியும். எதற்குக் கொடுக்கிறோம், எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் என் நெருடல்.

ஆண்டுக் கூட்டத்தில் வாசிக்கப்படும் வரவு செலவுக் கணக்கைக் கவனித்துக் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. கோபுர வர்ணம், தரைக்கு கிரானைட், ஒலிபெருக்கி, கன்வென்ஷன் பந்தல், பிரதிஷ்டைப் பண்டிகை அலங்காரம் என்று வரிசையாக வரும். ‘ஏழைகள் உதவி’ என்பது கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றி யாரும் கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. கிரானைட் கல்லின் நிறத்தைப் பற்றி அரைமணி நேரம் வாக்குவாதம் நடந்ததைக் கேட்டிருக்கிறேன்.

அந்த ஒரு வரிப் பணமும் எப்படிப் போய்ச் சேருகிறது? டிசம்பரில் ஒரு விழா, மேடை, பேனர், வரிசையில் விதவைகள், கையில் சேலை, போட்டோ. ஒரு வருஷம் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்யும் ஒரு அக்கா சேலை வாங்க வரவில்லை. பிறகு விசாரித்தபோது சொன்னார்: “வீட்டுக்கு வந்து தந்திருந்தா வாங்கிருப்பேன் தம்பி. மைக்குல பேரு கூப்பிட்டு நடந்து வரச் சொன்னா எப்படி வர?”

பழைய ஏற்பாட்டுச் சட்டத்துக்கு அந்த அக்காவின் மனசு தெரிந்திருந்தது. வயலை ஓரம்வரை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்கிறது லேவியராகமம். ஏழை தன் கையால் பொறுக்கிக்கொள்வான். நன்றி சொல்ல வேண்டியதில்லை, யார் முன்னாலும் தலைகுனிய வேண்டியதில்லை. ரூத் அப்படித்தான் போவாசின் வயலில் கதிர் பொறுக்கினாள்.

‘ஏழைகள் எப்போதும் இருப்பார்கள் என்று இயேசுவே சொல்லியிருக்கிறாரே’ என்று ஒதுங்கிக்கொள்பவர்களும் உண்டு. அவர் எடுத்தாண்ட அந்த வார்த்தை உபாகமம் பதினைந்தாம் அதிகாரத்தில் இருக்கிறது. எளியவர் தேசத்தில் ஒழிந்துபோவதில்லை, ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்று கட்டளையாக அது முடிகிறது. பாதியைப் பிடித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறோம்.

கொரிந்து சபைக்குப் பவுல் எழுதிய கண்டிப்பு இன்னும் கிட்டே வருகிறது. அங்கே திருவிருந்துக்குக் கூடியபோது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். தர்மம் போதவில்லை என்று பவுல் கோபப்படவில்லை. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடவில்லை என்பதே அவர் கோபம்.

சேர்ந்து உட்காருவதில்தான் தமிழ்நாட்டுத் திருச்சபை தடுக்கி விழுகிறது. இங்கே ஏழ்மைக்குப் பெரும்பாலும் ஒரு தெரு உண்டு, அந்தத் தெருவுக்கு ஒரு சாதி உண்டு. 1950இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி தலித் கிறிஸ்தவருக்குப் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. அரசாங்கம் நீ கிறிஸ்தவன் என்று தள்ளுகிறது. ஆலயத்துக்குள்ளோ அவருடைய சாதியை மறக்க ஆளில்லை. வடக்கன்குளம் ஆலயத்தில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவரை 1910இல் கௌசானல் அடிகளார் இடித்தார். அதற்காக வழக்குமன்றம்வரை இழுக்கப்பட்டார்.

அதே 1910இல் எடின்பரோவில் உலக மிஷனெரி மாநாடு நடந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ்.அசரியா அங்கே பேசினார். மேலைநாட்டு ஊழியர்களின் தியாகத்தையெல்லாம் நன்றியோடு ஒப்புக்கொண்டுவிட்டு, ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைத் தந்தீர்கள், எங்களுக்கு உங்கள் அன்பும் நட்பும் வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். அந்தப் பேச்சைப் பெருமையோடு நினைவுகூர்கிற நாம், இப்போது எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறோம் என்று பார்ப்பதில்லை. அன்று கேட்கிற இடத்தில் இருந்தோம். இன்று நமக்குப் பள்ளிகளும் கல்லூரிகளும் சொத்தும் இருக்கின்றன. அசரியா கேட்டதையே நம் சபையின் கடைசி பெஞ்சு நம்மிடம் கேட்கிறது.

சத்தமில்லாமல் செய்கிறவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். பென்ஷன் பணத்தில் யாரோ ஒரு பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் ஓய்வுபெற்ற டீச்சரையும், அரசு மருத்துவமனையில் துணைக்கு ஆளில்லாத நோயாளிக்குக் கஞ்சி கொண்டுபோகும் தாயையும் நான் அறிவேன். இவர்களுக்கும் மேடைக்காரர்களுக்கும் தொகையில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் தாங்கள் உதவுகிற ஆளின் பெயரும் வீடும் குடும்பக் கதையும் இவர்களுக்குத் தெரியும். மத்தேயு இருபத்தைந்தாம் அதிகாரத்தில் நியாயத்தீர்ப்பு நாளில் கேட்கப்படுகிறவையும் இவைதானே: பசித்தவனுக்குச் சாப்பாடு கொடுத்தாயா, வியாதிக்காரனை விசாரித்தாயா, சிறையில் இருந்தவனைப் போய்ப் பார்த்தாயா? கொடுப்பதோடு போவதும் பார்ப்பதும் சேர்ந்தே வருகின்றன. தபாலில் அனுப்பித் தீர்த்துவிடக் கூடியவை அல்ல இவை.

கூட்டாகச் செய்யவும் நமக்குத் தெரியாமல் இல்லை. அசனம் என்கிற ஆலய விருந்து நாளில் வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் வசூலித்து, ஒரே அடுப்பில் சமைத்து, ஒரே பந்தியில் இலை போடுகிறோம். யார் கொடுத்த அரிசி யார் இலையில் விழுந்தது என்று ஒருவருக்கும் தெரியாது. ஏழைக்கு உதவுகிறோம் என்ற பேனரும் அங்கே இல்லை. வருஷத்துக்கு ஒருநாள் இதைச் செய்ய முடிகிற சபைக்கு மற்ற நாட்களில் முடியாது என்பதை நான் ஏற்பதற்கில்லை.

எங்கிருந்து தொடங்குவது என்றால், பணத்திலிருந்து வேண்டாம் என்பேன். பல சபைகளில் சங்கக் காணிக்கை பாக்கி இருந்தால் வாக்காளர் பட்டியலில் பெயர் வராது. கட்ட முடியாதவர் ஓட்டுப் போட முடியாது. ஓட்டில்லாதவர் கமிட்டிக்கு வர முடியாது. ஆகவே ஏழைகள் உதவி எவ்வளவு என்று தீர்மானிக்கிற அறையில் ஏழை ஒருவரும் இருப்பதில்லை. முதலில் அந்த விதியை மாற்றுவோம். சேலை வாங்க மேடைக்கு வர மறுத்த அக்கா கமிட்டியில் உட்கார்ந்தால், கிரானைட் நிறத்தைப் பற்றிய விவாதம் சீக்கிரம் முடிந்துவிடும்.