முதற் பக்கத்தின் நியாயம்

உயர்தர வகுப்பு மாணவர்களின் ஒப்படைகளைத் திருத்தும்போது, "இத்தகவல் எங்கிருந்து கிடைத்தது?" என்று நாம் வினவுவதுண்டு. "கூகிளில் முதலாவதாக வந்தது, சேர்" என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. நூலின் பெயரோ ஆசிரியரின் பெயரோ நினைவில் இராது. முதலாவதாக வந்தமையே போதிய சான்றாகிவிடுகிறது. நாம் கடிந்துகொள்கிறோம். ஆயின் ஆசிரியர் ஓய்வறையில் நமக்கு ஓர் ஐயம் எழும்போது நாம் செய்வதும் அதுவே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். முதலில் வருவது எந்த நியாயத்தால் முதலில் வருகின்றது?

1998 ஆம் ஆண்டில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி மாணவர்களான லறி பேஜும் சேர்ஜி பிரினும் இதற்கு அளித்த விடை அழகானது. ஆய்வுலகில் ஒரு கட்டுரையின் செல்வாக்கை, பின்வந்தோர் எத்துணைபேர் அதனை மேற்கோள் காட்டினர் என்பதைக் கொண்டு அளப்பதுண்டு. அவ்வாறே, ஓர் இணையப் பக்கத்தை எந்தெந்தப் பக்கங்கள் இணைப்புக் கொடுத்துச் சுட்டுகின்றன, அப்பக்கங்கள் தாமே எவ்வளவு சுட்டப்படுகின்றன என்று கணக்கிட்டு அவர்கள் வரிசை வகுத்தனர். தமிழ் கற்றோருக்கு இக்கருத்து அந்நியமானதன்று. யாப்பருங்கல விருத்தி எடுத்துக்காட்டியமையாலேயே பெயரளவிலேனும் நமக்கு எஞ்சிய பழைய நூல்கள் உள. உரையாசிரியர் ஒருவர் ஒரு செய்யுளை எடுத்தாள்வது, அச்செய்யுளுக்கு அவர் அளிக்கும் சாட்சியமாகும். அச்சாட்சியத்தை எவரேனும் அவரிடம் விலைகொடுத்து வாங்கியதாக நாம் அறியோம்.

இணையத்திலோ சாட்சியம் விரைவிலேயே சந்தைப் பண்டமாயிற்று. தேடுபொறி உகப்பாக்கம் என்ற பெயரில் ஒரு தொழிலே தோன்றியது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தால் ஒரே சொல்லை நூறு முறை எழுதிவைத்தனர். மனிதக் கண்ணுக்குத் தெரியாத அது இயந்திரத்துக்குத் தெரிந்தது. இணைப்புகள் விலைக்கு விற்கப்பட்டன. இயந்திரத்துக்கு ஒன்றும் வாசகனுக்கு வேறொன்றும் காட்டிய குற்றத்துக்காக, 2006 இல் பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ஜெர்மன் தளத்தைக் கூகிள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. சில நாட்களில் மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2011 இல், ஜே.சி.பெனி என்ற அமெரிக்கப் பெருங்கடை பண்டிகைக் காலமெங்கும் ஆடை முதல் படுக்கை விரிப்பு வரை பல சொற்களுக்கு முதலிடம் பிடித்திருந்ததன் இரகசியத்தை நியூயோர்க் ரைம்ஸ் வெளிப்படுத்தியது. தொடர்பற்ற தளங்கள் பலவற்றில் அக்கடைக்கான இணைப்புகள் விலைக்கு நடப்பட்டிருந்தன. தமக்கு ஒன்றும் தெரியாதென்றது கடை. கண்டிக்கப்பட்டது, கீழே தள்ளப்பட்டது.

இங்கு நீதிபதி யார்? விளம்பரம் விற்று வாழும் அதே நிறுவனம். விளம்பரத்தால் வாழும் தேடுபொறி, தேடுவோரின் தேவையை விட்டு விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று பேஜும் பிரினும் தம் 1998 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே எச்சரித்திருந்தமை வரலாற்றின் நல்ல நகைச்சுவை. பொருள் விலைகளை ஒப்பிடும் தன் சொந்தச் சேவையை முன்வரிசையில் இருத்தி, போட்டியாளரைப் பின்தள்ளியமைக்காக ஐரோப்பிய ஆணைக்குழு 2017 இல் கூகிளுக்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. கைபேசிகளிலும் உலாவிகளிலும் தன் தேடுபொறியே முன்கூட்டி அமைந்திருப்பதற்காக 2021 இல் மட்டும் அந்நிறுவனம் 2,630 கோடி டொலர் செலுத்தியதென அமெரிக்க வழக்கொன்றில் வெளிப்பட்டது. தேடல் துறையில் அது தன் ஏகபோகத்தைச் சட்டவிரோதமாகப் பேணியது என்று 2024 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறுவியாபாரி வரிசையில் முந்துவதற்கு இணைப்பு வாங்கினால் அது மோசடி. வரிசையின் சொந்தக்காரர் வாசலையே வாங்கினால் அது பல்லாண்டுகளாக ஒப்பந்தம் எனப்பட்டது.

இதனால், வரிசையில் முன்னேற முயல்வதே இழிவு என்பர் நண்பர் சிலர். நாம் இதனை ஏற்பதற்கில்லை. நமது எழுத்துகள் நெடுங்காலம் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டெழுதப்பட்டன. கண்ணுக்கு அது தமிழ். இயந்திரத்துக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல். ஒருங்குறியில் தேடுகின்ற மாணவனுக்கு அக்கட்டுரைகள் இல்லாதனவே. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவதும், படமாகக் கிடக்கும் பழைய இதழுக்கு ஆசிரியர் பெயரும் ஆண்டும் எழுதிவைப்பதும் வரிசையில் முன்னேற்றும் வேலைதான். நூலகர் அட்டவணை எழுதுவதைப் போன்றதுதான். தேடுபொறி என்ற ஒன்றே இல்லையாயினும் இதனைச் செய்வோமா என்று கேட்டுக்கொள்ளுமாறு கூகிள் தளக்காரர்களுக்கு அறிவுரை கூறியதுண்டு. நல்ல சோதனைதான். வெள்ளை எழுத்து அதில் தோற்கும், அட்டவணை தேறும்.

ஆனால் இச்சோதனை தனிமனிதனின் நேர்மையை மட்டுமே அளக்கிறது. அயற்கடை இணைப்பு வாங்கி வாடிக்கையாளரைக் கவர்ந்துகொண்டால், வாங்காத கடைக்காரர் தம் நேர்மையுடன் கதவை மூடவேண்டியதுதான். இயந்திரத்துக்காகவே சொற்ப கூலிக்குக் கட்டுரைகளை எழுதிக் குவிக்கும் இளைஞனிடம் அறம் போதிப்பது சுலபம். அவனுக்கு வேறு வேலை கொடுப்பது சுலபமன்று. நேர்மையான வழிகளுக்கும் ஆளும் பணமும் நேரமும் வேண்டும். இவையற்ற ஓர் ஊர் நூலகத்தின் பக்கம் எவ்வளவு உண்மையைத் தாங்கியிருப்பினும் பத்தாம் பக்கத்திலே கிடக்கும். வரிசையின் விதியை வகுப்போர் அதனால் பாதிக்கப்படுவோருக்குப் பதில் சொல்லவேண்டிய கடப்பாடு இல்லாதிருக்கும்வரை, நமது நேர்மை அவசியமானது, ஆனால் போதாதது.

அண்மையில் நம் மாணவர் சிலர் பாமினியில் கிடந்த பழைய கட்டுரைகளை ஒருங்குறிக்கு மாற்றி இணையத்தில் ஏற்ற முன்வந்தனர். நிலமற்ற கூலியாளரைப் பற்றிய ஒரு கட்டுரைக்கு, அதில் இல்லாத பரபரப்பை ஊட்டும் தலைப்பொன்றை இட்டால்தான் மேலே வரும் என்றான் ஒருவன். கூடாதென்றோம். "அப்ப ஆர் சேர் இதை வாசிக்கப்போகினம்?" என்று கேட்டான். கேள்வி நியாயமானது; நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை. வெகுநேர விவாதத்தின் பின் பழைய தலைப்பே நிலைத்தது. அதன் கீழே ஊரின் பெயரையும் ஆண்டையும் சேர்த்து எழுதும்படி அவனிடமே கொடுத்தோம்.