மரத்துப்போவது ஞானமா?

திருவண்ணாமலைக் கோயிலில் கிளி கோபுரத்தைக் கடப்பவர்களுக்கு அருணகிரிநாதரின் கதை நினைவுக்கு வராமல் போகாது. பார்வை இழந்த பிரபுடதேவராய மன்னனுக்காகத் தேவலோகத்துப் பாரிஜாத மலரைக் கொண்டுவர, அவர் தம் உடலைக் கிடத்திவிட்டு இறந்த கிளி ஒன்றின் உடலில் புகுந்து பறந்தார். திரும்பி வருவதற்குள் பொறாமைக்காரர்கள் அவருடைய உடலை எரித்துவிட்டதால் கிளியாகவே தங்கிவிட்டார் என்பது தலமரபு. அதை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. கண் வைத்தியத்தையும் ‘உடல் வேறு, நான் வேறு’ என்ற கொள்கையையும் ஒரே கதையில் முடிந்துவைத்த ஊர் இது என்பதுதான் கவனிக்கத்தக்கது. இன்று கண்புரை ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவர் உடலை விட்டு எங்கும் போவதில்லை. விழித்திருக்கிறார், டாக்டரின் குரலைக் கேட்கிறார், கேட்டதற்குப் பதிலும் சொல்கிறார். அவர் கண்ணுக்குள் கத்தி நுழைகிறது, வலிக்கவில்லை. ‘நான் இந்த உடல் அல்ல’ என்று வேதாந்தம் காலங்காலமாகச் சொல்லிவந்ததைச் சில சொட்டு மருந்து நிரூபித்துவிட்டதா? இல்லை என்பதே என் கட்சி. ஆனால் அந்த மருந்து வேறொன்றைத் தெளிவாக்குகிறது: மரத்துப்போவது வேறு, பற்றறுவது வேறு.

முதலில் மருந்து என்ன செய்கிறது என்று பார்ப்போம். சுசுருதர் கண்புரையை விலக்கும் முறையை எழுதிவைத்தவர். கத்தியின் வேதனை தெரியாமலிருக்க அறுவைக்கு முன் மது கொடுக்கச் சொன்னவரும் அவரே. தஞ்சை இரண்டாம் சரபோஜி காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கண் நோயாளிகளின் விவரங்கள் படங்களோடு பதிவாகியிருக்கின்றன. அந்த நோயாளிகளுக்கெல்லாம் கண்ணை மட்டும் மரக்கவைக்கும் மருந்து கிடைக்கவில்லை. 1884-இல் வியன்னாவில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர் கொக்கெய்ன் கரைசலைத் தவளையின் கண்ணில் விட்டுப் பார்த்தார். பிறகு தம் கண்ணிலேயே விட்டுக்கொண்டு, குண்டூசியின் தலையால் கருவிழியைத் தொட்டுப் பார்த்தார். தொட்டது தெரியவில்லை. அந்தச் செப்டம்பரில் ஹைடல்பெர்க் மாநாட்டுக்குப் போக அவரிடம் பணமில்லாததால், நண்பர் ஒருவர் அவருடைய கட்டுரையை வாசித்தார். இன்றைய லிக்னோகெய்ன் போன்ற மருந்துகள் வேலை செய்யும் விதம் எளிமையானது. நரம்பில் செய்தி ஓடுவதற்குச் சோடியம் அயனிகள் உள்ளே நுழையும் வாசல்கள் திறக்க வேண்டும். மருந்து அந்த வாசல்களை அடைத்துவிடுகிறது. கத்தி வெட்டிய சேதி கண்ணிலிருந்து புறப்பட்டாலும் மூளைக்குப் போய்ச் சேருவதில்லை. நோயாளி உடலிலிருந்து பிரிந்துவிடவில்லை; ஊருக்கு வரும் சாலையில் ஒரு பாலம் சற்று நேரம் மூடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த இடத்தில் தத்துவம் படித்தவர் ஒருவர் குறுக்கிடலாம். கண் உருவத்தைக் காண்கிறது. அந்தக் கண்ணை மனம் அறிகிறது. அந்த மனத்தையும் அறியும் சாட்சி ஒன்று உண்டு என்று படிப்படியாகப் பிரித்துக் காட்டும் நூல் ‘த்ருக் த்ருச்ய விவேகம்’. ரமணர் அதைத் தமிழில் தந்திருக்கிறார். அறுவை அரங்கு அந்தப் பிரிவினையைக் கண்முன்னே நடத்திக் காட்டவில்லையா என்று குறுக்கிட்டவர் கேட்பார். கேள்வியில் நியாயமில்லாமல் இல்லை. விழிக்குப் பின்புறம் ஊசி போட்டால் வலி போகிறது, விழியின் அசைவும் நிற்கிறது, சிலருக்குப் பார்வையும் தற்காலிகமாக மங்குகிறது. வலிக்கு ஒரு நரம்பு, அசைவுக்கு மூன்று நரம்புகள், பார்வைக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருப்பதால் ஒன்று அடங்கியும் மற்றொன்று அடங்காமலும் இருப்பதுண்டு. அசைக்கும் நரம்புகளில் ஒன்று விழிக்குப் பின்னுள்ள தசைக்கூம்புக்கு வெளியே ஓடுவதால் அதற்கு மருந்து எட்டாமல், விழி இலேசாகச் சுழல்வதை அறுவை மருத்துவர்கள் அறிவார்கள். வெறும் சொட்டு மருந்தோடு ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பலர் ஒளியும் நிறங்களும் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். கண் என்று ஒற்றைச் சொல்லால் குறிப்பது உண்மையில் பல வேலைகளின் கூட்டு என்பதும், ‘நான் பார்க்கிறேன்’ என்னும்போது அந்தக் கூட்டு முழுவதையும் நானாக எண்ணிக்கொள்கிறோம் என்பதும் இதனால் விளங்கும். இவ்வளவு வரைக்கும் மருந்து வேதாந்திக்குச் சாட்சி சொல்கிறது.

அதற்கு மேல் சொல்லாது. இதே மருத்துவம் முழு மயக்கமும் கொடுக்கிறது. அப்போது கண்ணோடு சேர்ந்து ‘நான்’ என்பதும் காணாமல் போய்விடுகிறது. ஓரிடத்தை மரக்கவைத்தால் சாட்சி மிஞ்சுகிறது என்று வாதாடுபவர், மயக்க மருந்தில் சாட்சியும் மறைகிறதே என்ற எதிர்வாதத்தையும் ஏற்றாக வேண்டும். ஆழ்ந்த உறக்கத்தை வைத்து வேதாந்தம் இதற்கு விடை சொல்லும்: எதுவும் தெரியாமல் தூங்கினேன் என்று எழுந்தபின் சொல்பவன், அந்தத் தெரியாமையை அறிந்தவனாக அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். உடலுக்கு அப்பால் ஆன்மா இல்லை என்னும் உலகாயதர் விடமாட்டார், அது விழித்தபின் இடைவெளியைப் பார்த்துச் செய்த ஊகம், உறக்கத்தில் பெற்ற அனுபவம் அன்று என்பார். இந்த வழக்கை ஊசி தீர்த்துவைக்காது. ஊசி முனையில் ஆன்மாவைத் தேடுவதும், ஊசியைக் காட்டி ஆன்மா இல்லை என்று அடித்துச் சொல்வதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். வலியைப் பொறுப்பது தவம், அது பழைய வினையின் கணக்கு, மருந்து கொண்டு அதைத் தள்ளிப்போடுவது பலவீனம் என்று எண்ணுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கண்புரை முற்றியும் ‘விதி’ என்று உட்கார்ந்திருக்கும் முதியவர்களின் பேச்சில் இது அடிக்கடி தலைகாட்டும். திருவண்ணாமலையிலிருந்தே இதற்கு மறுமொழி கிடைக்கிறது. 1949-இல் ரமணரின் இடது கையில் புற்றுக்கட்டி வளர்ந்தபோது நான்கு முறை அறுவை நடந்தது. கையையே எடுத்துவிடலாம் என்ற யோசனையை அவர் ஏற்கவில்லை; மற்றபடி மருத்துவர்களின் கத்திக்கும் ரேடியத்துக்கும் இடம்கொடுத்தார். 1950 ஏப்ரல் 14 அன்று உடல் அடங்கும்வரை, உடலின் வேதனை உடலுக்கு என்பதுபோல் இருந்தார் என்றே உடனிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அவருக்கு வலிக்கவில்லை என்று பொருள்கொள்வது பிசகு. அவருடைய நரம்பின் சாலைகள் திறந்தேதான் இருந்தன, சேதி வந்துகொண்டிருந்தது, வந்த சேதியை ‘எனக்கு’ என்று வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. மரத்துப்போன கண்ணில் நடப்பது இதற்கு நேர் எதிர். அங்கே வாங்கிக்கொள்ளும் ஆள் விழிப்போடு காத்திருக்கிறார், சேதிதான் வரவில்லை. மருந்தின் வேகம் இறங்கியதும் வலி வரும், கூடவே பயமும் முறையீடும் வரும். சில மணி நேரம் வலியில்லாமல் இருந்ததால் எவரும் ஒரு படிகூட ஞானத்தில் ஏறிவிடுவதில்லை. மருந்தை ஏற்றதால் எவரும் ஒரு படி இறங்குவதும் இல்லை.

அப்படியானால் கண்ணப்பர் என்ன செய்தார் என்று கேட்கலாம். மரப்பு மருந்தில்லாமல் தம் கண்ணையே அம்பால் தோண்டியவரல்லவா? அந்தக் கதையை முதலிலிருந்து படிக்க வேண்டும். காளத்தியில் இறைவனின் கண்ணில் இரத்தம் வழிந்ததும் திண்ணனார் என்ற இயற்பெயருடைய கண்ணப்பர் காட்டில் ஓடிப் பச்சிலை தேடிப் பிழிந்து பார்த்தார் என்கிறது பெரியபுராணம். மருந்து பலிக்காத பிறகே ஊனுக்கு ஊன் என்ற எண்ணம் வந்தது. கடவுளுக்கு உடலேது, வலியேது என்று அவர் சித்தாந்தம் பேசவில்லை. எதிரே ஒரு கண் நோகிறது என்றதும் மருந்து தேடினார். தம் கண் நோவதைப் பொருட்படுத்தவில்லை. வைராக்கியம் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதற்கு இதைவிடத் தெளிவான இலக்கணம் கிடைக்காது. அது தன் வலிக்கு மட்டுமே உரியது. அடுத்தவர் வலியைப் பார்த்து ‘உடல் பொய்’ என்று சொல்பவர் வேதாந்தி அல்லர், மரத்துப்போனவர்.

வலியை அகற்றுவது எளிதாகிவிட்டால் இரக்கமும் மலிந்துவிடாதா என்றும் ஒரு தயக்கம் எழலாம். கருவிகளின் வரலாறு நேர்மாறாகச் சொல்கிறது. வலி என்பது காவல்காரன். அவனை அனுப்பிவிட்டால் காவல் பொறுப்பு மருத்துவர் தலையில் விழுகிறது. முன்பெல்லாம் விழிக்குப் பின்னால் ஊசி போடும்போது மேலேயும் மூக்குப் பக்கமாகவும் பார்க்கச் சொல்வார்கள். அப்படிப் பார்க்கையில் பார்வை நரம்பு ஊசியின் வழிக்கு அருகே வருவதை ஸ்கேன் காட்டிக்கொடுத்தது. இப்போது நேராகப் பார்க்கச் சொல்கிறார்கள். 38 மில்லிமீட்டர் ஊசி நரம்பை எட்டக்கூடும் என்று தெரிந்ததும் 31 மில்லிமீட்டருக்கு மேல் கூடாது என்ற எச்சரிக்கை வந்தது. பிறகு விழியைச் சுற்றி மட்டும் மருந்தை நிரப்பும் முறை பரவியது. வெள்ளைவிழியின் மேல்படலத்தில் சிறிய வெட்டிட்டு, முனை மழுங்கிய வளைந்த குழல் வழியே மருந்தைச் செலுத்தும் முறையும் வந்தது. ஊசியே இல்லாத சொட்டு மருந்தும் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. கூர்முனையிலிருந்து மழுங்கிய முனைக்கும், அங்கிருந்து சொட்டுக்கும் வந்த இந்தப் பாதை, நோயாளி உணராத ஆபத்தை அவருக்காக இன்னொருவர் உணர்ந்த பாதை. அவருடைய கண் மரத்திருக்கும் நேரத்தில் மற்றவர்கள் மரத்துப்போகாமல் இருந்ததன் பலன்.

கிளி கோபுரத்தின் கீழே நின்று நாம் கிளியைப் பற்றியே பேசுகிறோம். உடலை விட்டுப் பறந்த சித்தியில் மனம் போய்விடுகிறது. அருணகிரிநாதர் பறந்தது எதற்காக என்பதை மறந்துவிடுகிறோம். கண் தெரியாமல் ஒருவர் காத்திருந்தார். அவருக்கு மருந்து வேண்டியிருந்தது. உங்கள் வீட்டில் கண்புரை முற்றிய பெரியவர் ஒருவர் ஊசிக்குப் பயந்தோ விதியை நொந்தோ உட்கார்ந்திருந்தால், அவருக்குத் தத்துவம் சொல்ல வேண்டாம். கண் ஆஸ்பத்திரிக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்.