மருத்துவச்சிகளின் தெய்வபயம்

இஸ்பிரீத்துசாந்துவின் வரங்கள் எத்தனை என்று ஞானோபதேச வகுப்பில் கேட்டால், நம் பிள்ளைகள் ஏழு என்று தடையின்றிச் சொல்வார்கள். அந்த ஏழில் ஆறாவதாகப் பக்தியும் ஏழாவதாகத் தெய்வபயமும் நிற்கின்றன. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, தனித்தனியாக எண்ணுவானேன் என்று யாரேனும் கேட்கலாம். நியாயமான கேள்வி. பக்தி நிறைந்திருந்தும் தெய்வபயம் அற்றுப்போன வீடுகள் உண்டு என்பதே அதற்கு விடை. தருமபுரிச் சீமையில் குடியிருக்கும் நாம் இதற்கு வெளிதேசத்து உதாரணம் தேடவேண்டியதில்லை.

முதலில் பயம் என்ற சொல்லைச் சற்றுத் தெளிவாக்கிக்கொள்வோம். அர்ச். தோமாஸ் அக்குயினாஸ் அடிமைக்குரிய பயம் என்றும், பிள்ளைக்குரிய பயம் என்றும் பிரித்துக் காட்டுகிறார். அடிமை பிரம்புக்கு அஞ்சுகிறான். பிள்ளையோ தகப்பன் மனம் நோகுமே என்று அஞ்சுகிறான். அர்ச். அகுஸ்தீன் இதை இன்னும் வீட்டுப் பாஷையில் விளக்குகிறார். கணவன்மேல் அன்பில்லாதவள் அவன் வந்துவிடுவானோ என்று பயப்படுகிறாள். அன்புள்ளவள் அவன் போய்விடுவானோ என்று பயப்படுகிறாள். இரண்டும் பயந்தான். ஆனால் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் எவ்வளவு தூரம்!

இந்த இரண்டாவது பயத்தை வேதாகமத்தில் எங்கே பார்ப்பது? பெரிய தீர்க்கதரிசிகளிடம் போவதற்கு முன், யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் வருகிற இரண்டு மருத்துவச்சிகளிடம் போவோம். அவர்கள் பெயர் சிப்ரா, பூவா. எபிரேயருக்குப் பிறக்கிற ஆண் குழந்தைகளைப் பிரசவத்தின்போதே கொன்றுவிட வேண்டும் என்று எகிப்து ராஜா அவர்களுக்குக் கட்டளையிட்டான். அவர்களோ கடவுளுக்குப் பயந்து, குழந்தைகளை உயிரோடு விட்டுவைத்தார்கள்.

இங்கே சற்று நின்று கவனியுங்கள். கொலை செய்யாதிருப்பாயாக என்கிற கற்பனை அப்போது சீனாய் மலையில் இன்னும் கொடுக்கப்படவில்லை. பிரசவ அறைக்குள் சாட்சி கிடையாது. பச்சைக் குழந்தையின் மூச்சு நிற்பதற்கு நிமிஷ நேரம் போதும். பிறக்கும்போதே அப்படித்தான் இருந்தது என்றால் ஊர் நம்பிவிடும். அதற்கும் மேலாக, ராஜ தண்டனை கொன்றவளுக்கு அல்ல, கொல்லாதவளுக்கே காத்திருந்தது. ஆகவே சட்டத்துக்கு மட்டும் பயப்படுகிற ஒருத்தி அந்த அறையில் இருந்திருந்தால் குழந்தை செத்திருக்கும். மருத்துவச்சிகள் பிறகு ராஜாவிடம் பொய்ச் சாக்குச் சொன்னார்களே என்று சிலர் கேட்பதுண்டு. அர்ச். அகுஸ்தீன் அதற்கும் பதில் சொல்லியிருக்கிறார்: கடவுள் அவர்களுக்கு வெகுமதி தந்தது பொய்க்காக அல்ல, இரக்கத்துக்காக. அந்த வெகுமதியும் பொன்னோ பொருளோ அன்று. அவர்களுக்குக் குடும்பங்களைத் தந்தார்.

இனி நம் ஊருக்கு வருவோம். அங்கே ஆண் குழந்தை. இங்கே பெண் குழந்தை. எருக்கம்பாலும் நெல்மணியும் எதற்குப் பயன்பட்டன என்று இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1992இல் சேலத்தில் அரசாங்கம் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியதும், 2001இல் அதைத் தருமபுரிக்கும் விரித்ததும் இந்தக் கொடுமையை முன்னிட்டே. 2001ஆம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்கில், தருமபுரியில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் பிள்ளைகள் ஆயிரம் பேருக்குப் பெண் பிள்ளைகள் 826 பேர்தான். 2011இல் அது 913 ஆக உயர்ந்தது. சந்தோஷந்தான், ஆனாலும் குறை நிரம்பவில்லை. கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. அதன் பிறகும், அண்மை ஆண்டுகள் வரையில், திருட்டுத்தனமாக ஸ்கேன் செய்து சொன்னவர்கள் நம் மாவட்டத்தில் திரும்பத் திரும்பக் கைதாகியிருக்கிறார்கள். எருக்கம்பால் போய் இயந்திரம் வந்தது. போலீசுக்குப் பயந்தவன் செய்வதை நிறுத்தவில்லை, மறைந்து செய்யக் கற்றுக்கொண்டான். அடிமைப் பயத்தின் எல்லை அவ்வளவே.

இதெல்லாம் வேறு ஜனங்களின் காரியம், ஞானஸ்நானம் பெற்ற நமக்கென்ன என்று சொல்லிவிட்டுப் போகலாமா? ஆண் பிள்ளை வேண்டுமென்று மாதா சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொள்ளுகிறவர்கள் நம்மிடையே இல்லையா? மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததும் மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டு, ஞாயிறு பூசையில் முதல் வரிசையில் முழந்தாளிடுகிற மாமியார் இல்லையா? பக்தி இருக்கிறது. சர்வேசுரன் தந்ததைக் கையேந்தி வாங்க அஞ்சி நடுங்கும் அந்தப் பயபக்தி எங்கே? மழை பொய்த்தால் கேழ்வரகும் இல்லாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போகிற குடும்பத்தில், பெண் பிறந்தால் தகப்பனுக்குக் கலக்கம் வருவது நமக்குப் புரியாததல்ல. அந்தக் கலக்கத்தை உண்டாக்குகிறவன் யார் என்பதைத்தான் கேட்க வேண்டும். மகனுக்கு இத்தனை சவரன், ஒரு மோட்டார் சைக்கிள் என்று பேசி முடித்துவிட்டுக் கோவிலில் ஓலை வாசிக்கப் பெயர் கொடுக்கிறவன், எங்கோ ஒரு வீட்டில் பிறக்கப்போகிற குழந்தையின்மேல் கை வைக்கிறான். தன் கையில் இரத்தமில்லை என்று அவன் சொல்லலாம். பார்வோனும் ஒரு குழந்தையையும் தன் கையால் கொன்றதாக எழுதப்படவில்லை.

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் சொல்லவேண்டும். எப்போதோ இந்தப் பாவத்துக்கு உடன்பட்டு, அல்லது உடன்படும்படி நெருக்கப்பட்டு, அன்று முதல் பாவசங்கீர்த்தனத்துக்கே வராமல் ஒதுங்கியிருக்கும் தாய்மார் உண்டு. அவர்களைத் தொட்டிலருகே நிறுத்தாத பயம், இப்போது கோவில் வாசலில் நிறுத்துகிறது. இது தெய்வபயம் அல்ல, பசாசின் தந்திரம். கருச்சிதைவுப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் பிரான்சிஸ் பாப்பு எல்லாக் குருக்களுக்கும் நிலையாக அளித்துவிட்டார். மேற்றிராணியாரிடம் போகவேண்டுமோ, பெயர் வெளியே வருமோ என்று அஞ்சவேண்டாம். எந்தக் குருவிடமும் போகலாம். பாவசங்கீர்த்தன இரகசியம் ஒருபோதும் வெளியேறாது. நெருக்கியவர்களான கணவரும் மாமனாரும் மாமியாரும் வரவேண்டும். அவர்களுக்கும் கணக்கு உண்டு.

பிறந்த பெண்ணை வளர்க்க வழியில்லை என்று கலங்கும் குடும்பம் ஏதேனும் உங்கள் தெருவில் இருந்தால், பங்குச் சுவாமியாரிடமாவது கன்னியர் மடத்திலாவது வந்து சொல்லுங்கள். 1098 என்ற எண்ணுக்கு இராத்திரியிலும் காசில்லாமல் போன் பண்ணலாம். குழந்தையை முறைப்படி ஒப்படைப்பவர்களைச் சட்டம் தண்டிப்பதில்லை.