குடியிருப்பவனுக்கு உரியது எது?

நியூயார்க் நகரத்தின் மன்ஹாட்டன் தீவில், சென்ட்ரல் பூங்காவுக்கு மேற்கே, 1920-களில் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களுள் ஒன்றில், ஒற்றைப் படுக்கையறை கொண்ட ஒரு குடியிருப்பை வாங்கி, பெரும் பொருள் செலவிட்டுப் புதுப்பித்து, அதிலே குடிபுகும் ஒருவர் தமக்கென்று ஒரு வீடு வாய்த்துவிட்டதாக எண்ணி மகிழ்வது இயல்பே. சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நின்ற சுவர் போய்விட்டது. பழைய மெழுகும் கறையும் நீங்க இழைத்துத் தேய்த்த ஓக் மரத் தளம் வெயில் படும்போதெல்லாம் தேன் நிறம் காட்டுகிறது. சன்னலடியில் நீராவியால் சூடேறும் பழைய இரும்புக் கணப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இவ்வளவையும் தம் மனம்போல் அமைத்துக்கொண்டவர், பத்திரங்களை எடுத்து நிதானமாகப் படித்தால், அந்தச் சுவர்களுள் ஒன்றேனும் தம்முடையதன்று என்பதைக் காண்பார்.

அத்தகைய கட்டடத்தை அந்நகரத்தார் 'கோ-ஆப்' என்கிறார்கள். அடித்தளத்துக் கொதிகலன் முதல் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரை கட்டடம் முழுவதும் ஒரு கம்பெனியின் சொத்து. வாங்குபவர் பெறுவது அக்கம்பெனியின் பங்குகள் சிலவும், அவற்றைச் சார்ந்து குறிப்பிட்ட ஓர் இடத்தில் வசிக்கும் உரிமையைத் தரும் குத்தகைப் பத்திரமுமே. பங்குகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் செலுத்த வேண்டும். சொத்து வரி, கட்டடத்தின் பேரிலுள்ள கடன், வாயிற்காவலர் சம்பளம், எரிபொருள் ஆகிய எல்லாச் செலவும் அதிலிருந்துதான் நடக்கின்றன. பங்குதாரர் என்ற முறையில் அவர் உரிமையாளர்களுள் ஒருவர்; குத்தகைதாரர் என்ற முறையில் அதே கட்டடத்துக்குக் குடிக்கூலி கொடுப்பவர்.

சுவரை இடிப்பதாயினும் முதலில் கம்பெனியின் இயக்குநர் குழுவின் சம்மதம் பெற்று ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். கீழ்வீட்டாரின் படுக்கையறைக்கு நேர் மேலே குளியலறை அமைக்கப் பெரும்பாலும் அநுமதி கிடைப்பதில்லை. நீர் கசிந்தால் துன்பப்படுகிறவர் அவரல்லவா? மெருகேற்றிய தளத்தில் நூற்றுக்கு 80 பங்கைக் கம்பளத்தால் மூடவேண்டும் என்பது பல கட்டடங்களில் விதி. ஐந்தாம் அவென்யூவின் முதலாம் எண் கட்டடத்தில், இயக்குநர் குழுவின் தலைவராகவே இருந்த ஒருவர், தம் சமையலறையை விரிவாக்குவதற்காக அதன் ஊடே செல்லும் நீராவிக் குழாயைச் சற்றே விலக்கி அமைக்க முற்பட்டார். அந்தக் குழாயோ கீழிருந்து மேல்வரை பல வீடுகளுக்கு வெப்பத்தைக் கொண்டுசெல்வது. குழு தடுத்தது, வழக்கு மாநிலத்தின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை சென்றது, குழு நேர்மையான எண்ணத்தோடு, தன் அதிகார எல்லைக்குள் நின்று, பொது நன்மை கருதிச் செய்த முடிவில் நீதிமன்றம் தலையிடாது என்று 1990-இல் தீர்ப்பாயிற்று.

இந்த ஏற்பாட்டை வெறும் சட்ட நுணுக்கமாக நான் கருதவில்லை. 'நான்' என்னும் அகங்காரத்திலிருந்து 'என்னுடையது' என்னும் மமகாரம் பிறக்கிறது என்பதும், அது வீடு, நிலம் போன்ற உருவங்களில் மனிதனைப் பிணிக்கிறது என்பதும் நம் வேதாந்திகள் ஓயாமல் எடுத்துச் சொன்ன விஷயம். தவத்தால் அறியவேண்டிய அந்த உண்மையை, பணமும் வழக்கறிஞரும் மலிந்த ஒரு நகரம் கட்டடச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் முயற்சியிலே தன்னை அறியாமல் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறது: முழுமையில் ஒரு பங்கும், தங்கியிருக்க ஓர் அநுமதியும் தவிர மனிதனுக்கு வேறொன்றும் இல்லை.

அந்நகரத்து மக்களுள் பலர் போற்றும் வேதமும் இதைத்தான் கூறுகிறது. நிலம் இறைவனுடையது, ஆகவே அதை அறுதியாக விற்கலாகாது, அதில் வாழ்வோர் அவனிடம் வந்து தங்கியிருக்கும் அந்நியரே என்பது லேவியராகமத்தின் 25-ஆம் அதிகாரம் தரும் கட்டளையின் கருத்து. கைமாறிய நிலம் 50-ஆம் ஆண்டில் பழைய குடும்பத்துக்கே திரும்பவேண்டும் என்னும் யூபிலி விதியும் அங்கேதான் இருக்கிறது. மன்ஹாட்டனின் பழைய குடியிருப்புகள் சிலவற்றில், உள்ளே நுழைகையில் வலப்புறம் வரும் நிலைச்சட்டத்தில், விரலளவு நீளமான ஒரு மேடு, வெள்ளைச் சாயத்தின் பல பூச்சுகளுக்கு அடியில் சற்றே சாய்ந்தாற்போல் தென்படும். முன்பு குடியிருந்த யூதக் குடும்பம் பதித்த 'மெஸூஸா' அது. வேத வாசகங்கள் எழுதிய தோற்சுருள் அடங்கிய சிறு கூடு. அதைப் பதிக்கும் கடமை வீட்டின் உரிமையாளனுக்கு உரியதன்று, அங்கே வசிப்பவனுக்கே உரியது என்று அவர்களுடைய தர்ம சாஸ்திரம் விதிக்கிறது. பின்னால் வருபவனும் யூதனாயின் அதைப் பெயர்த்துக்கொண்டு போகலாகாது என்றும் சொல்கிறது. இறைவன் கேட்பது பத்திரத்தில் யார் பெயர் உள்ளது என்பதையன்று, வாசலைக் கடப்பவன் எப்படி வாழ்கிறான் என்பதையே என்று அந்தச் சாஸ்திரகாரர்கள் கொண்டிருக்கவேண்டும்.

ஆயினும் இந்த இடத்தில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. 'எனது' என்பதை விட்டவர் 'நமது' என்பதைப் பற்றிக்கொண்டால் மமகாரம் ஒழிந்ததாகுமா? கோ-ஆப் கட்டடத்தில் பங்கு வாங்க விரும்புபவர் தம் வருமானம், சேமிப்பு, கடன், வரிக்கணக்கு, நற்சான்றுக் கடிதங்கள் அனைத்தையும் குழுவின் முன் வைத்து, நேரிலும் விசாரிக்கப்பட்டு, இறுதியில் வேண்டாம் என்று ஒதுக்கப்படலாம். இனத்தையோ சமயத்தையோ கருதி மறுப்பது சட்டவிரோதம். ஆனால் காரணமே கூறாமல் மறுப்பது நெடுங்காலமாக நடந்துவரும் சம்பிரதாயம். மாஜி ஜனாதிபதியான ரிச்சர்ட் நிக்ஸன் 1979-இல் கிழக்கு 72-ஆம் தெருவில் இத்தகைய ஒரு குடியிருப்பை வாங்க முயன்று, அங்கே இருந்தோரின் எதிர்ப்பால் கைவிட நேர்ந்தது. அவருக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. வேறு தெருவில் தனி வீடே வாங்கிக்கொண்டார். பெயர் விளங்காத ஒரு மனிதர், தம் தோலின் நிறமா, உச்சரிப்பா, தொழிலா, எது குழுவுக்கு ஒவ்வாமற் போயிற்று என்று தெரியாமலே திரும்பிச் செல்லும்போது, அவருக்கு நேர்ந்த அநியாயத்தை நிரூபிப்பது மிக அரிது. தனி மனிதனின் பேராசைக்கு அவன் மனச்சாட்சி ஓரளவேனும் கூச்சம் ஊட்டும். ஒரு கூட்டத்தின் பற்றோ பொது நலம் என்ற பெயரைத் தாங்கி வருவதால் அந்தக் கூச்சத்தையும் அறியாது.

குழுவின் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒருவர் கட்டணம் செலுத்தத் தவறினால் அச்சுமை மற்றவர்மேல் விழுகிறது. ஆதலால் பொருள் நிலையை ஆராய்வது முறையே. ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு பூர்வோத்தரமும் உண்டு. 1916-இல் புரூக்ளினின் சன்செட் பார்க் பகுதியில், பின்லாந்திலிருந்து குடியேறிய மக்கள் தங்கள் பணத்தைச் சேர்த்து 'அல்கு' என்னும் கூட்டுறவுக் குடியிருப்பைக் கட்டினார்கள். அமெரிக்காவில் இலாப நோக்கின்றி எழுந்த அத்தகைய கட்டடங்களுள் அதுவே முதலாவதென்று கருதுவர். அவர்கள் அந்த ஊருக்கு அந்நியர்கள், அந்நியர்களாயிருந்ததனாலேயே கூடினார்கள். நிலத்தில் வாழ்வோர் இறைவனிடத்தில் அந்நியரே என்று சொல்லும் அதே லேவியராகமம்தான், சில அதிகாரங்களுக்கு முன்னால், உங்களிடையே தங்கவரும் அந்நியனை உங்களைப் போலவே நேசியுங்கள் என்றும் விதிக்கிறது. இவ்விரண்டு கட்டளைகளையும் பிரித்துவிட முடியாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். தன்னைக் குடியிருப்பவனாக மட்டும் உணர்ந்தவன், மற்றொரு குடியிருப்பவனிடம் கதவின் சொந்தக்காரனைப் போல் நடந்துகொள்வதற்கு ஆதாரம் எங்கிருந்து பெறுவான்?

ஓக் தளத்தை இழைத்து மகிழ்ந்த நம் குடியிருப்பாளரும் ஓரிரு ஆண்டுகளில் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படலாம். யாரோ ஒருவருடைய வரிக்கணக்கும் நற்சான்றுகளும் அவர் மேசைக்கு வரும். அப்போது மறுப்பதாக முடிவாயின், அதன் காரணத்தை எழுதி, தம் பெயரையும் அதன்கீழ் இட்டு, விண்ணப்பித்தவர் கையில் கொடுக்கவேண்டும் என்று அவர் குழுவினிடம் வற்புறுத்த வேண்டும். மற்ற உறுப்பினர்கள் அதற்கு இணங்காவிட்டால், தம் பங்குக்கேனும் அவ்வாறு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.